அண்ணனுக்கு மஜ்ஜை கொண்டு போனேன்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்தியாவிலிருந்து திரும்பியதிலிருந்து லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், எல்லாரும் "இந்தியா எப்படி?" என்கிறார்கள். "நல்லாயிருக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். மீதியை இதில் எழுதுகிறேன்.

நான் இலங்கையில் நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன். செடி உயர்ந்து கொழுந்து குறைந்துவிட்டால் அதை முழங்கால் அளவுக்கு வெட்டிவிடுவோம். பிறகு அது புதிதாகத் துளிர்க்கும். எனக்கு வேறு வேலை தெரியாது.

எனக்கு ஒரே ஒரு அண்ணன். நான் தவழ்கிற வயதில் அவர் பெரியப்பா குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. பெரியப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் அண்ணனைத் தன் பங்கில் சேர்த்துக்கொண்டார். அண்ணன் பல வருடம் லாரி ஓட்டினார். இப்போது தேனி மாவட்டம் மார்க்கையன்கோட்டையில் குடியிருந்து, பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்கிறார். அப்பா செத்ததற்கு ஒரு தடவை வந்தார். மற்றபடி போன்தான்.

இந்தியாவிலிருந்து கிளம்புகிற அன்று அண்ணனிடம் இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது "என் பேரைப் போட்டே எழுதுலே, எனக்கென்ன" என்றார். அண்ணன் மனைவி, என் மதினி, வேண்டாம் என்றார். மதினி சொன்னபடி நடக்கிறது.

போன ஐப்பசிக்கு முன்னால் ஒரு நாள் அண்ணன் போன் பண்ணினார்.

"தம்பி, நல்லி எலும்பு தெரியும்ல?"

"தெரியும்ணே."

"அதுக்குள்ள இருக்கும் பாரு, மஜ்ஜை. அது உன் எலும்புல கொஞ்சம் எனக்கு வேணும்."

அப்போதுதான் அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிற விஷயத்தைச் சொன்னார். லாரிக் காலத்திலிருந்தே இருக்கிறதாம். மாத்திரையால் நன்றாகத்தான் இருக்கிறாராம். ஆனால் போனில் ஒரு வீடியோ பார்த்தாராம். வெளிநாட்டில் இதே நோய் உள்ள ஒருவருக்கு வேறு ஆளின் மஜ்ஜையை ஏற்றினார்களாம், நோயே போய்விட்டதாம். ஊர் பேர் தெரியாதவன் மஜ்ஜைக்கே அப்படியென்றால், கூடப் பிறந்தவன் மஜ்ஜை எப்படி வேலை செய்யும் என்று அண்ணன் கணக்குப் போட்டிருந்தார்.

 "வலிக்குமா?" என்றேன்.

"எனக்கா, உனக்கா?"

"எனக்கு."

"கேட்டுச் சொல்றேன்" என்றார். வருகிறேன் என்று சொல்லி, பாஸ்போர்ட்டும் விசாவும் கைக்கு வர இரண்டு மாதம் ஆனது, அதுவரை கேட்டுச் சொல்லவில்லை. நான் புறப்பட்டேன். என் மனைவி ஒன்றுதான் கேட்டாள்: "குடுத்திட்டு நடந்து வருவீங்களா, தூக்கிட்டு வரணுமா?" 

மதுரையில் ஏறிய பஸ்ஸில் கண்டக்டரிடம், அண்ணன் ஊருக்குப் பக்கத்திலுள்ள சின்னமனூரில் இறக்கிவிடச் சொன்னேன். என் குரல் அவர் காது வரை போயிருக்காது. விடியும் நேரத்தில் சின்னமனூர் என்று போர்டு வந்தது. எழுந்து நின்றேன். "இறங்கணும்" என்று கத்த வேண்டும். கத்துகிறதற்குள் ஊர் முடிந்துவிட்டது. எல்லாரும் இறங்குகிற இடத்தில் இறங்கிக்கொள்வோம் என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த இடம் கம்பம்.

கம்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் வரிசையாக ஜீப் நிற்கிறது. பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். என் கையிலும் மனைவி கட்டிக்கொடுத்த ரொட்டிப் பொட்டலம் இருந்தது. சாரம், இங்கே லுங்கி என்கிறார்களே, அதைக் கட்டியிருந்தேன். டிரைவர் ஒருவர் என் பையை வாங்கி உள்ளே போட்டார்.

"ஏறுண்ணே வெரசா. இன்னைக்கு ஆள் குறைச்சல்."

அண்ணன்தான் ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். ஏறினேன். எங்கள் ஊரில் லாரியில் கொழுந்து மூட்டையை அடுக்குவதுபோல ஆட்களை அடுக்கியிருந்தார்கள். ஜீப் மலை ஏற ஆரம்பித்தது. மார்க்கையன்கோட்டை மலையிலா இருக்கிறது என்று யோசித்தேன். அண்ணன் அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை. ஊசி வளைவுகளில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தோம். பக்கத்திலிருந்த அக்கா என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"அண்ணே புதுசா? யாரு தோட்டத்துக்குக் காய் எடுக்க வாரீக?"

"காய் எடுக்க இல்லங்க. மார்க்கையன்கோட்டைக்கு."

ஜீப்பே திரும்பிப் பார்த்தது.

"ஆத்தாடி! மார்க்கையன்கோட்டை அங்கன கீழ கெடக்கு. இது கேரளாவுக்குப் போற வண்டி. ஏலக்காய்த் தோட்டம்."

"எந்த ஊருங்க உங்களுக்கு?" என்றார் இன்னொருவர்.

"இலங்கை."

"இலங்கையிலருந்து காய் எடுக்க வந்திருக்காகடி!" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்க இரண்டு வளைவு ஆனது. இந்தியாவில் கால் வைத்த முதல் நாளே எனக்கு வேலை கிடைத்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் இளவட்டங்கள் வேலைக்கு நடையாய் நடக்கிறார்கள்.

கம்பம்மெட்டில் என்னை இறக்கிவிட்டார்கள். அங்கே கேரளா தொடங்குகிறது. டீக்கடையில் இரண்டு பேர் என்னைப் பார்த்து மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். ஜீப் அக்கா எனக்கு மொழிபெயர்த்துவிட்டுத்தான் போனார். "இவர் யார்?" என்று ஒருவர் கேட்டாராம். "கடல் தாண்டி வந்தவர், ஒரு ஸ்டாப் தாண்டிவிட்டார்" என்று மற்றவர் சொன்னாராம். டீயைப் பற்றி நான் சொல்லக்கூடாது. தூளைப் பாலில் வேகவைத்துச் சீனியில் புதைத்திருந்தார்கள். அந்த இலையைப் பறித்தவள் பார்த்தால் அழுவாள். ஆனால் குளிருக்கு நன்றாக இருந்தது. இரண்டு குடித்தேன்.

போன் பண்ணியதும் அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிப்போனார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னலே, இம்புட்டு ஒல்லியா இருக்க? இதுல மஜ்ஜை இருக்குமா?"

"இருக்கும்ணே" என்றேன்.

அண்ணனும் ஒல்லியாகத்தான் இருந்தார். அதை நான் சொல்லவில்லை. அவர் பேச்சு முழுக்க அந்த ஊர்ப் பேச்சாகியிருந்தது. நாங்கள் "வந்தாங்க" என்பதை அவர் "வந்தாக" என்றார். மூக்கு மட்டும் அப்பாவுடையது.

வீட்டில் மதினி இலை போட்டு வைத்திருந்தார். சோறு, அதன்மேல் நல்லி எலும்புக் குழம்பு. அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை: ஈரல் கெட்டால் ஈரல் தின்னணும், கால் வலித்தால் ஆட்டுக்கால் குடிக்கணும். அப்படியென்றால் மஜ்ஜை கொடுக்கிறவன் நல்லி உறிஞ்சணும்.

"நல்லா உறிஞ்சுங்க கொழுந்தனாரே. எடுக்கிற எடத்துல ஊறணும்ல."

மதியம் நல்லி. இரவும் நல்லி. மறுநாள் காலையில் இட்லிக்கும் நல்லி. போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கசாப்புக் கடைக்காரர் மதினியிடம், "வீட்டுல நாய் வளக்கீகளா?" என்று கேட்டாராம்.

மறுநாள் அண்ணன் என்னைத் தான் வேலை செய்யும் திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். பன்னீர் திராட்சை. தலைக்கு மேலே கம்பிப் பந்தல் போட்டு அதில் கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். குலைகள் கீழே தொங்குகின்றன. கீழே நடந்தால் நம் தலையில் இடிக்கிறது. தேயிலைக்கு நாம் குனிகிறோம், திராட்சைக்கு அவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அவர்களுக்குக் கழுத்து வலி, நமக்கு இடுப்பு வலி. ஒரு பக்கம் பந்தலில் இலையே இல்லை, வெறும் குச்சி.

"இது கவாத்துப் பண்ணினது" என்றார் அண்ணன்.

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. "நாங்களும் கவ்வாத்துன்னுதாண்ணே சொல்வோம்."

"கவாத்துக்கு முன்னாடி தண்ணிய நிப்பாட்டிருவோம். கொடி காயணும். காஞ்சு கெடக்கிறப்ப வெட்டினாத்தேன் புதுக் கண்ணு வெறியோட வரும்." இதைச் சொல்லும்போது அவர் கொடியைப் பார்க்கவில்லை. வேறு எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டார். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் மூன்று பேரும் தேனிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மதினி பூ வைத்துக்கொண்டார். நான் சவரம் செய்துகொண்டேன். மஜ்ஜை எடுக்கும்போது முகம் எப்படி இருந்தால் என்ன என்று பிறகுதான் தோன்றியது.

டாக்டரம்மா நடுவயது. நாங்கள் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இவர்தான் தம்பியா? அவ்வளவு தூரத்திலிருந்தா?"

"ஆமாம்மா" என்றார் அண்ணன். "ஒரே வயித்துப் பிள்ளைக. எப்ப எடுக்கலாம்?"

"எதை?"

"மஜ்ஜையத்தேன்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அந்த வீடியோவில் சொன்னது பொய் இல்லை என்றார். அப்படிக் குணமானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உலகம் முழுக்கச் சேர்த்து விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்கு இந்த நோயோடு ரத்தப் புற்றுநோயும் இருந்தது. மஜ்ஜை மாற்றியது அந்தப் புற்றுநோய்க்காக. அது உயிரைப் பணயம் வைக்கிற வைத்தியம். புற்றுநோய் இல்லாதவருக்கு யாரும் செய்யமாட்டார்கள்.

"அதோட," என்றார், "பெரும்பாலும் யார் மஜ்ஜையா இருந்தாலும் சரின்னு எடுத்திடல. இந்தக் கிருமி நம்ம ரத்தத்துல காவல் காக்கிற அணுவுக்குள்ள நுழையறதுக்கு ஒரு கதவு வேணும். சில பேருக்குப் பிறவியிலேயே அந்தக் கதவு இல்ல. அப்படிப்பட்ட ஆளைத் தேடிப் புடிச்சுத்தான் எடுத்தாங்க. ஐரோப்பாவுல வடக்க கொஞ்சம் பேர் அப்படி இருக்காங்க. நம்ம ஆளுங்கள்ல ரொம்ப அபூர்வம்."

"அப்ப இவனுக்குக் கதவு இருக்குங்கிறீகளா?"

"அநேகமா இருக்கும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். வீட்டைப் பூட்டாமல் வந்தவனைப் பார்ப்பதுபோல இருந்தது.

"அப்ப மாத்திரைக்கே ஏன் போகமாட்டேங்குது?" என்றார் மதினி.

"கோரைப் புல் தெரியும்ல ஆத்தா? மேல அறுத்துட்டா நிலம் சுத்தமாத் தெரியும். கிழங்கு அடியில கெடக்கும். மாத்திரை மேல வளரவிடாம அறுக்குது. கிழங்கைத் தோண்டறதுக்குத்தான் ஊர் உலகமெல்லாம் ஆராய்ச்சி நடக்குது. சில பேர் தூங்குற கிழங்கை எழுப்பி, வெளிய வந்ததும் அடிக்கப் பாக்குறாங்க. சில பேர் அது எழுந்திரிக்கவே முடியாம பூட்டப் பாக்குறாங்க. சில பேர் நம்ம அணுவையே வெளிய எடுத்து, அந்தக் கதவைக் கழட்டிட்டுத் திருப்பி விடப் பாக்குறாங்க. மாத்திரையே இல்லாம உடம்பே அடக்கி வச்சிருக்கிற ஆளுங்களும் கொஞ்சம் பேர் உண்டு. அவங்க எதிர்ப்புச் சக்தி எப்படி வேலை செய்யுதுன்னும் பாக்குறாங்க."

"எப்ப முடியும்?"

"தெரியாதும்மா."

எங்கள் தோட்டத்தில் பதவியில் இருக்கிற யாரும் "தெரியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அந்த டாக்டரம்மாவைப் பிடித்துவிட்டது.

பிறகு அவர் ஒரு தாளை எடுத்தார். நான் வருவதற்கு முன் அண்ணனிடம் எடுத்திருந்த ரத்தத்தின் ரிசல்ட். அவர் முகம் மாறியது.

"இத்தனை வருஷமா ரத்தத்துல வைரஸ் தெரியவே தெரியாது உங்களுக்கு. இப்ப எகிறிக் கெடக்கு. மாத்திரை சாப்பிடுறீங்களா?"

அண்ணன் ஃபேனைப் பார்த்தார்.

"கேக்குறாகல்ல?" என்றார் மதினி.

"நிப்பாட்டிட்டேன்."

"எப்ப இருந்து?"

"இவன் வாரேன்னு சொன்ன அன்னையிலருந்து. கவாத்துக்கு முன்னாடி தண்ணி பாய்ச்சக்கூடாதுல்ல? பழசு காஞ்சு கெடந்தாத்தேன் புதுசு புடிக்கும்னு…"

 டாக்டரம்மா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆராய்ச்சியிலயும் மாத்திரையை நிப்பாட்டிப் பாக்குறது உண்டு. ஆனா டாக்டருங்க பக்கத்துலயே இருந்து, ரத்தத்தை அடிக்கடி பாத்துக்கிட்டே செய்வாங்க. அப்படி இருந்தும் பெரும்பாலானவங்களுக்குத் திரும்பி வந்திடும். நீங்க பண்ணினது கவாத்து இல்லங்க. கிணத்தையே தூத்துட்டீங்க. எதிர்ப்புச் சக்தி இப்பவே இறங்க ஆரம்பிச்சிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷம் உங்க வீட்டம்மாவுக்கு ஒட்டாம இருந்துச்சே, எதனாலன்னு நினைக்கிறீங்க? மாத்திரையாலதான். ரத்தத்துல வைரஸ் தெரியாத அளவுக்கு அடங்கியிருந்தா அடுத்தவங்களுக்கு ஒட்டாது. இப்ப அந்தக் காவல் போச்சு. இன்னைக்கே ஆரம்பிங்க. அம்மாவுக்கும் ரத்தம் பாத்திரலாம்."

மதினி தலையிலிருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். மதினி ரத்தம் கொடுக்கப் போனார். எனக்கு எப்போது எழுந்திருப்பது என்று தெரியாததால் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா, "கேக்கணுமா ஏதாவது?" என்றார். ரொம்ப நேரம் யோசித்து ஒரு கேள்வி கேட்டேன். இந்தியா போய் நானாகக் கேட்ட ஒரே கேள்வி.

"அந்த ஆராய்ச்சி நம்ம பக்கம் வந்தா அண்ணனைச் சேத்துப்பாங்களா?"

"சேக்கலாம். ஆனா ஆள் எடுக்கிறப்ப பெரும்பாலும் முதல்ல பாக்குறதே மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டு வைரஸ் அடங்கியிருக்கான்னுதான். குணமாக்குற மருந்து வர்ற அன்னைக்கு வரிசையில நிக்கணும்னா இன்னைக்கு மாத்திரை சாப்பிடணும். அவர் என் பேச்சைக் கேக்கமாட்டார் போல. நீங்க சொல்லுங்க."

ஆளைத் தெரியாமல் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு நான் என் ஆயுளில் ஒரு புத்தி சொன்னது கிடையாது.

எழும்போது அவர் இன்னொன்று சொன்னார். எதிர்ப்புச் சக்தி பற்றிய ஒரு ஆராய்ச்சிக்கு ரத்தம் சேர்க்கிறார்களாம். நோய் இல்லாதவர்கள் ரத்தமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். விருப்பமிருந்தால் கொடுக்கலாம், கட்டாயமில்லை. சோதித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் விளக்கி, கையெழுத்து வாங்கி, எடுத்துக்கொண்டார்கள். கடல் தாண்டி மஜ்ஜை கொடுக்கப் போனவன், சின்னக் குழாயில் கொஞ்சம் ரத்தம் கொடுத்தேன். வலிக்கவில்லை.

பஸ்ஸில் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். பக்கத்தில் வாழைத்தார் வைத்திருந்த ஒருவர் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் சொல்ல நினைத்தேன். மதினி முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அன்று இரவு நல்லி இல்லை. ரசம். அண்ணனுக்கு அதுவும் அவரே ஊற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. மாத்திரை டப்பாவை மதினி அண்ணன் முன்னால் வைத்தார். அண்ணன் அதை அலமாரி மேல் வைத்தார்.

"கொணமாகாத மாத்திரைய எதுக்கு முழுங்கணும்?"

"அப்ப கொணமாகாத மனுசனுக்கு நான் எதுக்குப் பொங்கணும்?" என்றார் மதினி.

மறுநாள் காலையில் கஞ்சி. தொட்டுக்கொள்ள ஊறுகாய். எனக்கும் அதேதான். இரண்டு நாளாக வேண்டாம் என்று நினைத்த நல்லியை அன்று நினைத்துக்கொண்டேன்.

தம்பியை ஊர் சுற்றிக் காட்டாமல் அனுப்பக்கூடாது என்று அண்ணன் என்னை வைகை அணைக்குக் கூட்டிப்போனார். அணை பெரியது. பூங்காவும் உண்டு. எங்கள் ஊரில் தண்ணீர் தானாக மலையிலிருந்து விழும். நாங்கள் அதைப் பார்ப்பதில்லை. இங்கே தண்ணீரைச் சுவர் கட்டி நிறுத்தி, குடும்பத்தோடு வந்து பார்க்கிறார்கள். பக்கத்தில் புது மாப்பிள்ளை ஒருவர் பெண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்து எங்கள் மேல் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு எங்களையும் ஒரு போட்டோ எடுத்தார்.

அணை மீனை மசாலா தடவி வறுத்து இலையில் வைத்துத் தந்தார்கள். ஒரு கல்லில் உட்கார்ந்தோம். அண்ணன் மீனைத் தொடவில்லை.

"உன்னை வீணா அலைய வச்சிட்டேன்லே" என்றார். "கொண்டாந்ததைக் கொண்டாந்தபடியே எடுத்துக்கிட்டுப் போற."

நான் மீனைப் பார்த்தபடி சொன்னேன். யார் முகத்தையும் பார்க்காவிட்டால் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும்.

"அண்ணே, எங்க பக்கம் கவ்வாத்து வெட்டுறதுக்கு முன்னால செடியைக் காயப்போட மாட்டோம். கொழுந்து பறிக்காம சும்மா விடுவோம். செடி தேறணும். வேருல சத்து இல்லாத செடியை வெட்டினா அது துளிர்க்காது, பட்டுப்போயிரும். நான் பாத்திருக்கேன். ஒரு மலை பூரா போயிருக்கு."

"தேயிலை வேற, திராட்சை வேற."

"அண்ணன் ரெண்டும் இல்லையேண்ணே."

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அண்ணன் திரும்பிப் பார்த்தார். விட்டால் மறுபடி வாய் அடைத்துவிடும் என்று மீதியையும் கொட்டினேன்.

"டாக்டரம்மா சொன்னாங்க. கிழங்கைத் தோண்டுற மருந்து வந்தா மாத்திரை சாப்பிடுற ஆளுங்களைத்தான் முதல்ல எடுப்பாங்களாம். வேர் நல்லா இருக்கான்னு பாத்துட்டுத்தான் வெட்டுவாங்களாம். நீங்க இப்ப வரிசையை விட்டு வெளிய நிக்கிறீங்க."

அண்ணன் தண்ணீரைப் பார்த்துக் கேட்டார்.

"வருமா அது?"

"தெரியாதுண்ணே. அவங்களுக்கும் தெரியாதாம்."

"நீ பயந்துக்கிட்டுத்தேன் வந்த, என்ன?"

"ஆமாண்ணே. ரொம்ப."

"அப்புறம் ஏன் வந்த?"

"கேட்டீங்களே."

அண்ணன் தன் மீனைத் தின்றார். பிறகு என் இலையில் இருந்ததையும் எடுத்துத் தின்றார். பசி வந்துவிட்டது என்று தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவரே அலமாரி மேலிருந்து டப்பாவை எடுத்தார். மதினி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காததுபோல வெங்காயம் நறுக்கினார்.

"கெழக்க பாத்து முழுங்கணுமா, மேக்க பாத்தா?" என்று அண்ணன் சத்தமாகக் கேட்டார்.

"வாயைப் பாத்து முழுங்குங்க" என்றார் மதினி.

முழுங்கினார். ஒரே ஒரு மாத்திரை, புளியங்கொட்டை அளவு. இதற்குத்தான் இத்தனை அலைச்சல். சாப்பாட்டில் மறுபடி நல்லி வந்தது. பழக்கத்தில் என் இலையை நகர்த்தினேன். மதினி அதைத் தாண்டிப் போய் அண்ணன் இலையில் வைத்தார்.

அதற்கடுத்த நாள் நான் புறப்பட்டேன். மதினியின் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்றும், இன்னும் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றும் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மதினி ஒரு பெட்டி திராட்சை கட்டிக்கொடுத்தார். மதுரை போவதற்குள் அதில் பாதி சாறாகி ரத்தம் போல என் சாரத்தில் இறங்கிவிட்டது. ஆபரேஷன் முடிந்து போகிறவர் என்று பஸ்ஸில் இடம் கொடுத்தார்கள். மறுக்கவில்லை.

பஸ் ஏற்றும்போது அண்ணன் சொன்னார்: "தெனம் போன் பண்ணி என்ன பேசுவ? நீ பேசவும் மாட்ட. மாத்திரை போட்டதும் ஒரு மிஸ்டு கால் குடுக்கேன். எடுக்காத. அடிச்சு நின்னாப் போட்டுட்டேன்னு அர்த்தம்."

எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

அன்றிலிருந்து சாயங்காலம் போன் ஒரு தடவை அடித்து நிற்கும். லயத்தில் சிக்னல் கிடையாது. கொழுந்து நிறுக்கிற பழைய மடுவத்துக்கு மேலே கவ்வாத்து வெட்டிய மலையில் ஒரு பாறை இருக்கிறது. அதில் நின்றால்தான் கிடைக்கும். மழையானாலும் ஏறி நிற்பேன். குடையோடு பாறையில் நிற்பதைப் பார்த்துக் கங்காணி, "யாருக்குய்யா காவல் நிக்கிற?" என்று கேட்டார். சொல்லவில்லை. இடையில் ஒரு நாள் மதினி மட்டும் பேசினார்; அவருக்கு மறுபடி பார்த்ததிலும் ஒன்றுமில்லையாம்.

இன்றைக்கும் போய் நின்றேன். நாங்கள் வெட்டிய செடிகளில் துளிர் வந்திருந்தது. போன் அடித்தது. நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.  எடுத்தேன்.

"ஏலே, தேனிக்குப் போய்ட்டு வாரோம். ரத்தம் பாத்த ரிசல்ட் வந்திருச்சு. வைரஸ் தெரியலையாம். பழையபடி அடங்கிருச்சாம். டாக்டரம்மா உன்னைய விசாரிச்சாக. உன் மதினி கறிக்கடைக்குப் போயிருக்கா."

"சரிண்ணே" என்றேன். 

"கேளு. உன் மஜ்ஜையப் பத்திரமா வச்சுக்க. என்னைக்காச்சும் கேப்பேன்."

"சரிண்ணே."

கீழே இறங்கி வந்தேன். மனைவி என்ன என்று கேட்டாள். "இன்னும் எடுக்கலையாம், பத்திரமா வச்சிருக்கச் சொன்னாரு" என்றேன். விளக்கைப் போட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

சித்திரை மாதம் ஏழாம் தேதி, திங்கட்கிழமை.